க்ளோசர் மூன்றாம் நாள் ஏன் அடி வாங்குகிறார்? பேஸ்பால் சிமுலேஷனில் ரிலீவர்களின் களைப்புக் கணக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ்பால் சிமுலேஷன் விளையாட்டில் ஓர் அணியை நடத்துகிறீர்கள். உங்கள் க்ளோசர் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர்) வெள்ளிக்கிழமை 17 பந்து, சனிக்கிழமை 24 பந்து வீசி இரண்டு ஆட்டத்தையும் முடித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை புல்பென்னில் (பிட்சர்கள் தயாராகும் இடம்) கை சூடேற்றினார், ஆனால் களத்துக்கு வரவில்லை. ஞாயிறன்று கடைசியான 9ஆவது இன்னிங்ஸில் இரண்டு ரன் முன்னிலையோடு அவரை இறக்கினீர்கள். திரையில் தெம்புப் பட்டை முழுதாக இருந்தது. இரண்டு வாக் (பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) கொடுத்தார், 21ஆவது பந்தில் ஹோம் ரன் போனது, ஆட்டமும் போயிற்று. "ஓர் இன்னிங்ஸுக்கு மேல் வீசாதவர் எப்படிக் களைப்பார்? அதே அணியில் லாங் ரிலீவர் மூன்று இன்னிங்ஸ் வீசி 48 பந்து போட்ட பிறகும் அசையாமல் நிற்கிறாரே?" என்பது கேள்வி. ரிலீவர் என்பவர் ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து வீசும் பிட்சர்; அவர்களில் பல இன்னிங்ஸ் வீசுபவர் லாங் ரிலீவர்.

களைப்பு என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு தனித்தனிக் கணக்குகளைக் குறிப்பிடுகிறோம். ஒன்று, இன்றைய ஆட்டத்துக்குள் எத்தனை பந்து வரை பிட்சர் தன் தரத்தோடு வீசுவார் என்பது. இதைத்தான் ஸ்டாமினா என்கிறோம். மற்றொன்று, கடந்த சில நாட்களில் வீசியதில் இன்னும் ஆறாமல் மிச்சமிருக்கும் பாரம். முதலாவதை ஒரு தொட்டியின் கொள்ளளவாகவும், இரண்டாவதைக் கடனாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரை காட்டியது தொட்டியை. உங்களைத் தோற்கடித்தது கடன். சில விளையாட்டுகளில் அந்தப் பட்டை ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் முழுதாகத்தான் நிற்கும், ஏனென்றால் அது அன்றைய ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது. நாட்கணக்கு வேறு திரையில், பெரும்பாலும் புல்பென் பட்டியலில், "நேற்று இத்தனை, முந்தாநாள் இத்தனை" என்று சிறு எண்களாகக் கிடக்கும். நான் இந்த விளையாட்டுகளுக்குள் வந்த புதிதில் அந்த எண்களைக் கவனிக்காமலேயே ஒரு முழு சீசனை ஓட்டினேன். ஆகஸ்ட் மாதம் வந்தபோது என் புல்பென்னில் நம்பி இறக்க ஒரு கை மிச்சமில்லை.

லாங் ரிலீவரை முதலில் முடித்துவிடலாம், அவர் கதை எளிது. பெரும்பாலான விளையாட்டுகள் களைப்பைப் பந்துகளின் வெறும் எண்ணிக்கையாகப் பார்ப்பதில்லை. தொட்டியில் எத்தனை பங்கு காலியானது என்று பார்க்கின்றன. உங்கள் லாங் ரிலீவர் முன்பு ஸ்டார்ட்டராக இருந்தவராக இருக்கலாம். அவர் தொட்டி 70 பந்து என்று வைத்துக்கொண்டால், 48 பந்துக்குப் பிறகும் 22 பந்து மிச்சம். க்ளோசரின் தொட்டி 35 பந்து என்றால், 24 பந்திலேயே அதே மூன்றில் இரண்டு பங்கு போய், 11 பந்துதான் மிச்சம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். போதாக்குறைக்கு லாங் ரிலீவர் பெரும்பாலும் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் களத்துக்கு வருகிறார். அவருக்குக் கடனே இல்லை.

க்ளோசரின் சின்னத் தொட்டி விளையாட்டை உருவாக்கியவர்கள் விருப்பப்படி வைத்த எண் இல்லை. ஸ்டார்ட்டர் 90 பந்து போட வேண்டும் என்று தெரிந்து வருகிறார். நடு நடுவே வேகத்தைச் சற்றுக் குறைத்து, தெம்பைப் பங்கிட்டு வீசுகிறார். ரிலீவர் 15 பந்துதான் என்று தெரிந்து வருகிறார். முதல் பந்திலிருந்தே முழு வேகம். முழங்கையின் உட்புறத் தசைநார், தோள்பட்டை, முன்கை எல்லாம் ஒவ்வொரு பந்துக்கும் உச்ச இழுப்பைத் தாங்குகின்றன. மூச்சு சில நிமிடத்தில் திரும்பிவிடும். தசையின் எரிபொருள் நல்ல சாப்பாட்டிலும் ஓய்விலும் நிறைந்துவிடும். ஆனால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் ஓர் இரவில் ஆறாது. மறுநாள் காலையில் கை கனக்கிறது என்று பிட்சர்கள் சொல்வது அதைத்தான். தெம்பு வேறு, ஆற்றம் (சேதம் ஆறுவது) வேறு என்று சிமுலேஷன்கள் இரண்டு கணக்கு வைப்பதற்கான நியாயம் இந்த உடலில் இருக்கிறது.

உண்மையான ஆட்டத்தின் விதிகளிலேயே இந்த இரண்டு கணக்கையும் பார்க்கலாம். நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில், ஒரு பிட்சர் 30 பந்து போட்டால் மறுநாள் வீசக்கூடாது. 50 பந்து போட்டால் நான்கு நாள் வீசக்கூடாது. எத்தனை குறைவாகப் போட்டிருந்தாலும் தொடர்ந்து இரண்டு நாள் வீசியவருக்கு மூன்றாம் நாள் கட்டாய ஓய்வு. அந்த மூன்றாவது விதியைக் கவனியுங்கள். பந்து எண்ணிக்கை மட்டும்தான் களைப்பு என்றால் அந்த விதிக்கு அவசியமே இல்லை. இரண்டு நாளும் எட்டு எட்டுப் பந்து போட்டவரையும் அது உட்காரவைக்கிறது. அடுத்தடுத்த நாள் என்பதே தனியாக ஒரு விலை என்று விதி எழுதியவர்கள் கருதினார்கள். பல விளையாட்டுகளின் நிரலிலும் அதே கருத்து ஒளிந்திருக்கிறது.

இனி கடன் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். இதுதான் விஷயத்தின் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். விளையாட்டுக்கு விளையாட்டு சூத்திரம் வேறு; பெரும்பாலும் அதை வெளியில் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் நான் ஆடிப் பார்த்தவரை மூன்று குடும்பங்களில் ஒன்றில் அடங்கிவிடும். கீழே வரும் எண்கள் விளக்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. ஒரு பந்துக்கு ஓர் அலகுக் கடன். கடன் 20ஐத் தொட்டால் அன்றைய ஆட்டத்தில் வழக்கத்தைவிடச் சீக்கிரமே தரம் இறங்கத் தொடங்கும்.

முதல் குடும்பத்தில் ஒவ்வோர் இரவும் ஒரே அளவு கடன் கழியும், 10 அலகு என்று வையுங்கள். தினமும் 18 பந்து போடும் ரிலீவர் இரண்டாம் நாள் 8 கடனோடு வருவார், மூன்றாம் நாள் 16, நான்காம் நாள் 24. நாள் போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும், எங்கும் நிற்காது. 10 அலகு வருமானமும் 18 அலகு செலவும் உள்ள குடும்பத்தின் கதிதான். இந்த வகை விளையாட்டில் ஒருவரைத் தினமும் இறக்குவது நிச்சயமான நாசம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் காலாகாலத்துக்கும் தாங்குவார்.

இரண்டாவது குடும்பத்தில் இரவு கழிவது கடனின் ஒரு பங்கு. ஒவ்வோர் இரவும் 45 சதவீதம் ஆறி, 55 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைப்போம். அதே 18 பந்து ரிலீவர் இரண்டாம் நாள் சுமார் 10 கடனோடு வருவார், மூன்றாம் நாள் 15, நான்காம் நாள் 18. அதன் பிறகு ஏறும் வேகம் குறைந்து 22ஐ ஒட்டி நின்றுவிடும். தினமும் இறக்கினாலும் அவர் முற்றிலும் முறிந்துபோக மாட்டார். நிரந்தரமாக லேசாகத் தளர்ந்திருப்பார். இங்கே இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரே நாளில் 40 பந்து போட்டவர் மறுநாள் 22 கடனோடு வருகிறார். மூன்று நாள் தொடர்ந்து 18, 18, 18 என்று 54 பந்து போட்டவர் நான்காம் நாள் 18 கடனோடுதான் வருகிறார். மொத்தப் பந்து அதிகம், ஆனால் கடன் குறைவு. இந்த வகை விளையாட்டில் ரிலீவரை நீண்ட இன்னிங்ஸுக்கு இழுப்பது அடிக்கடி இறக்குவதைவிட மறுநாளுக்கு ஆபத்தானது.

மூன்றாவது குடும்பம் சாளரக் கணக்கு: கடந்த நான்கு அல்லது ஐந்து நாளில் மொத்தம் எத்தனை பந்து என்று கூட்டுவது. இதில் ஆற்றம் படிப்படியாக நடக்காது. 45 பந்து போட்ட நாள் சாளரத்துக்குள் இருக்கும்வரை முழுப் பாரமும் இருக்கும். அந்த நாள் சாளரத்தை விட்டு வெளியேறிய காலையில் அத்தனையும் ஒரேயடியாகக் காணாமல் போகும். நேற்றுவரை "களைப்பு" என்றிருந்தவர் இன்று "முழு ஓய்வு" என்று மாறுவதைப் பார்த்துப் பலர் பிழை என்று நினைக்கிறார்கள். பிழை இல்லை, கணக்கு அப்படி.

உங்கள் விளையாட்டு எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சேமித்த கோப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள். நகலில் ஒரு ரிலீவரை 40 பந்து போடவைத்து, பிறகு அவரைத் தொடாமல் நாட்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, புல்பென் திரையில் அவர் நிலையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். தினமும் ஒரே அளவு ஏறினால் முதல் குடும்பம். முதல் நாள் அதிகமாகவும் பிறகு சிறுகச் சிறுகவும் ஏறினால் இரண்டாவது. அசையாமல் இருந்து திடீரென்று எழுந்தால் மூன்றாவது. அரைமணி நேரம்கூட ஆகாது, சீசன் முழுவதும் உதவும்.

இப்போது உங்கள் வியாழக்கிழமைக்கு வருகிறேன். களத்துக்கு வராமல் புல்பென்னில் சூடேற்றியதற்கு விலை இல்லை என்று நினைத்திருப்பீர்கள். நிஜ ஆட்டத்தில் இதைப் பயிற்சியாளர்கள் மிகவும் கவனிப்பார்கள். ஒருவரை எழுப்பி, உட்காரவைத்து, மறுபடி எழுப்பினால் அன்று அவர் வீசியதாகவே பலர் கணக்கு வைப்பார்கள். ஸ்கோர் அட்டையில் ஒரு தடயமும் இருக்காது, ஆனால் கை வேலை செய்திருக்கிறது. புல்பென் தயாரிப்பைக் காட்டும் விளையாட்டுகள் சிலவற்றில் சூடேற்றும் பந்துக்கும் ஒரு பங்கு கடன் ஏறும். 20 பந்து சூடேற்றினார், அதில் பாதி, அதாவது 10 அலகு ஏறியது என்று வைத்து இரண்டாவது குடும்பக் கணக்கைப் போடுகிறேன். வியாழன் இரவு கழிந்தபின் 5.5. வெள்ளி 17 சேர்ந்து 22.5, இரவில் 12.4 ஆகிறது. சனி 24 சேர்ந்து 36.4, இரவு கழிந்து ஞாயிறு காலை 20. வியாழக்கிழமை அவரைத் தொடாமல் விட்டிருந்தால் ஞாயிறு காலை 18 சொச்சம். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அவர் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை அந்தச் சிறு வித்தியாசம்தான் தீர்மானித்தது. முதல் குடும்பக் கணக்கில் போட்டால் வியாழக்கிழமைப் பாரம் அன்றிரவே தீர்ந்துவிடும், இருந்தும் வெள்ளியும் சனியும் சேர்ந்தே ஞாயிறு காலை 21இல் நிறுத்திவிடும். எப்படிப் பார்த்தாலும் அவர் கோட்டில்தான் நின்றார்.

35 பந்துத் தொட்டியில் 20 கடன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் நல்ல பந்து எத்தனை மிச்சம்? பதினைந்து. ஹோம் ரன் போனது 21ஆவது பந்தில். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான்: கடன் தொட்டியைச் சுருக்குகிறது. மூன்றாம் நாள் க்ளோசர் முதல் பேட்டரிடம் பழைய ஆளாகவே இருப்பார். நான்காவது ஐந்தாவது பேட்டரிடம்தான் வேறு ஆளாகிறார். அந்த இரண்டு வாக் இல்லாமல் 12 பந்தில் முடித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

களைத்த பிட்சரிடம் என்ன குறைகிறது என்பதிலும் விளையாட்டுகள் வேறுபடுகின்றன. 1961இல் ஹால் ரிச்மன் வெளியிட்ட ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பகடையும் அட்டையும் கொண்டு ஆடுவது. அதன் விரிவான விதிகளில் பிட்சர் அட்டையில் சில அவுட்களுக்கு அருகே ஒரு புள்ளி இருக்கும். பிட்சர் தளராதவரை அது அவுட். தளர்ந்துவிட்டால் அதே பகடை எண்ணுக்கு அது ஹிட். ஓர் அட்டையில் சில புள்ளிகளை வைத்துக் களைப்பு முழுவதையும் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த எளிமை எனக்குப் பிடித்தமானது. கணினி விளையாட்டுகள் வேறு வழியில் போகின்றன. 1999இல் மார்க்குஸ் ஹைன்சோன் தொடங்கிய அவுட் ஆஃப் த பார்க் போன்றவற்றில் பிட்சருக்கு ஸ்டஃப், மூவ்மென்ட், கன்ட்ரோல் என்று தனித்தனித் திறன் எண்கள். ஸ்டஃப் இறங்கினால் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது) குறையும், மூவ்மென்ட் இறங்கினால் ஹோம் ரன் கூடும், கன்ட்ரோல் இறங்கினால் வாக் கூடும். இப்படிப்பட்ட விளையாட்டில் யாரைக் களைப்போடு இறக்கலாம் என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கிறது. ஏற்கெனவே கன்ட்ரோல் மோசமான, வேகத்தை மட்டும் நம்பும் ரிலீவர் களைத்தால் வாக் மேல் வாக் போகும். தரையில் உருளும் பந்துகளை வரவழைக்கும் பிட்சர் களைத்தாலும் ஹோம் ரன் குறைவாகவே போகும், ஒரே அடியில் இருவர் அவுட் ஆகும் டபுள் பிளே ஒன்று காப்பாற்றவும் வாய்ப்பு உண்டு. என் மூன்றாம் நாள் ஆட்களை நான் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமைத் தோல்விக்குக் களைப்புதான் காரணம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினாலும், அதை நீங்கள் முழுதாக நம்பிவிட வேண்டாம். பத்துப் பேட்டரில் மூன்று பேரை பேஸ் ஏறவிடும் நல்ல பிட்சர் ஐந்து பேட்டர்களைச் சந்தித்தால், அதில் மூன்றோ அதற்கு மேலோ ஏறிவிடும் வாய்ப்பு 16 சதவீதம். முழு ஓய்வெடுத்த நாளிலேயே ஆறு முறைக்கு ஒருமுறை இப்படி நடக்கும். களைப்பால் அவர் நூற்றுக்கு 34 பேரை ஏறவிடுபவராகத் தாழ்ந்தால் அதே வாய்ப்பு 22 சதவீதம். பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் ஆட்டத்தில் கண்ணால் பார்க்க முடியாது, பத்து ஆட்டத்திலும் முடியாது. சீசன் முழுக்க எழுபது முறை இறக்கும்போதுதான் அது தோல்விகளாகத் தேறும். அதனால்தான் பலர் களைப்பை மதிக்காமலே பல வாரம் ஓட்டிவிடுகிறார்கள், பிறகு ஒருநாள் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்ததுபோல் உணர்கிறார்கள். பல விளையாட்டுகளில் களைத்த கைக்குக் காய வாய்ப்பும் கூடுகிறது. அதன் விலை ஓர் ஆட்டம் அல்ல, ஒரு வருடம்.

காயம் என்றதும் 1974 நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் மைக் மார்ஷல் ரிலீவராகவே 106 ஆட்டங்களில் 208⅓ இன்னிங்ஸ் வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். தொடர்ந்து 13 ஆட்டங்களில் வீசிய சாதனையும் அந்த சீசனில்தான். அதே வருடம் அதே அணியின் டாமி ஜானுக்கு முழங்கைத் தசைநார் கிழிந்து, செப்டம்பரில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் செய்த அறுவை சிகிச்சைக்கு இன்றளவும் அந்த பிட்சரின் பெயர்தான். ஒரே அணி, ஒரே வருடம். ஒரு கை எதையும் தாங்கியது, இன்னொரு கை தாங்கவில்லை. கைக்குக் கை ஆற்றம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. நல்ல சிமுலேஷன்கள் அதைத் தனி எண்ணாகவே வைக்கின்றன. ஸ்டாமினா எண் உயர்ந்தவருக்கு ஆற்ற வேகமும் உயர்வாக இருக்க வேண்டும் என்று இல்லை.

பழைய சீசன்களை மறுபடி ஆடிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. மார்ஷலின் 1974ஐ இன்றைய களைப்புச் சூத்திரத்தில் ஓட்டினால் ஜூன் மாதத்துக்குள் அவர் படுத்துவிடுவார். இன்னிங்ஸுக்கு 15 பந்து என்றாலே அவர் வீசியது 3,000 பந்துக்கு மேல். இன்றைய ரிலீவர் சீசனுக்குச் சுமார் 1,100 போடுகிறார். எனவே மறு ஆட்டத்துக்கான விளையாட்டுகள் அந்தந்த வருடத்தில் அந்தந்த பிட்சர் உண்மையில் எவ்வளவு வீசினார் என்பதிலிருந்து அவர் தாங்குதிறனைக் கணக்கிடுகின்றன. லீக்கின் காலத்தை அமைக்கும் இடத்தில் தவறான வருடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு களைப்பு முறையைத் திட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அதைச் சரிபாருங்கள்.

விதிகளும் அப்படித்தான். 2020க்கு முன் அமெரிக்க மேஜர் லீக்கில் ஒரு பேட்டரை மட்டும் சந்தித்துவிட்டுப் போகும் இடதுகை நிபுணர்கள் இருந்தார்கள். சீசனில் 80 ஆட்டம் ஆடி 40 இன்னிங்ஸ்கூட வீசாதவர்கள் உண்டு. 2020இல் வந்த விதிப்படி ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடிய வேண்டும். நாலு பந்துக்கு ஒருவரை எழுப்பும் பழக்கம் அதோடு போயிற்று. கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரை வைத்துத் தொடங்கும் விதியும் அந்த வருடம் வந்தது, 2023இல் நிரந்தரமானது. உங்கள் விளையாட்டில் அந்த விதியை அணைத்து வைத்திருந்தால் ஒரு 15 இன்னிங்ஸ் ஆட்டம் உங்கள் புல்பென்னை ஒரு வாரத்துக்கு முடக்கிவிடும்.

இத்தனை சொன்ன பிறகு ஒரு கணக்கு பாக்கி. பலரும் "ரிலீவர்கள் போதவில்லை" என்கிறார்கள். போதும், தாராளமாகப் போதும். மேஜர் லீக் சீசனின் 162 ஆட்டத்துக்கு ஓர் அணி வீசுவது சுமார் 1,440 இன்னிங்ஸ். ஸ்டார்ட்டர்கள் ஆட்டத்துக்கு 5⅓ இன்னிங்ஸ் கொடுத்தால் அதில் 865 தீர்ந்துவிடும். மிச்சம் 575 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 16 பந்து வீதம் 9,200 பந்து. சீசன் சுமார் 186 நாள். அப்படியென்றால் புல்பென் முழுவதும் சேர்ந்து நாளுக்கு 50 பந்து. எட்டு ரிலீவர்கள், ஒவ்வொருவரும் இரவுக்கு 10 அலகு ஆறுகிறார்கள் என்றால் 80 அலகு வரவு. வரவு 80, செலவு 50. எட்டுப் பேரும் சமமாகப் பகிர்ந்தால் யாருமே களைக்க மாட்டார்கள். களைப்பு வருவது நாம் எல்லாவற்றையும் மூன்று பேர் தலையில் கட்டுவதால்தான். முன்னிலையில் இருந்தாலும், சமநிலையிலும், ஒரு ரன் பின்தங்கினாலும் அதே மூவர். ஐந்து ரன் முன்னிலையில் எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸ் ஏறியதும் பதறிப்போய் க்ளோசரை எழுப்புகிறோம். நானும் அதைச் செய்தவன்தான், இன்றும் அந்த நேரத்தில் கை அந்தப் பொத்தானுக்குத்தான் போகும்.

ஆகவே நான் இப்போது செய்வது இது. ஆட்டம் தொடங்கும் முன்பே அன்று யாரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிடுகிறேன். யார் கிடைப்பார்கள் என்ற பட்டியலைவிட யார் கிடையாது என்ற பட்டியல் எனக்குப் பயன்படுகிறது, ஏனென்றால் எட்டாவது இன்னிங்ஸின் பதற்றத்தில் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை. முந்தைய நாள் 25 பந்துக்கு மேல் போட்டவர் கிடையாது. தொடர்ந்து இரண்டு நாள் போட்டவர் அநேகமாகக் கிடையாது. நான்கு ரன் அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால், எந்தப் பக்கமாக இருந்தாலும், கடைசி இரண்டு ரிலீவர்களுக்குத்தான் வேலை. அவர்கள் மேலும் இரண்டு ரன் கொடுத்தாலும் பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவேன். எட்டு ரன் பின்தங்கிவிட்டால் 2023 விதிப்படி ஃபீல்டர் ஒருவரையே வீசவைக்கலாம். விளையாட்டு அதை அனுமதித்தால் தயங்காதீர்கள், நாளைக்கு ஒரு கை மிச்சமாகும். 26 பேர் அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது என்பதால், மைனர் லீக்குக்கு (கீழ்நிலை லீக்) அனுப்ப வாய்ப்புள்ள இரண்டு ரிலீவர்களை எப்போதும் வைத்திருங்கள். ஒருவர் 50 பந்து போட்டுக் கைவிரித்தால் அவரை அங்கே அனுப்பி, புதுக் கையை ஏற்றலாம். அப்படி அனுப்பப்பட்ட பிட்சர், யாருக்கும் காயம் நேர்ந்தாலொழிய, 15 நாள் திரும்ப முடியாது என்பதால் உங்கள் நல்ல ஆளிடம் இதைச் செய்யாதீர்கள்.

இவை எல்லாம் நீங்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் நேரடியாக நடத்தும்போது. பத்து நாளைத் தானாக ஓடவிட்டால் முடிவெடுப்பது கணினி மேலாளர். அப்போது உங்கள் கையில் இருப்பது ரிலீவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்புகள் மட்டுமே. பலர் க்ளோசர், செட்டப் (க்ளோசருக்கு முன் வீசுபவர்) என்று இரண்டு பேருக்குப் பெயர் கொடுத்துவிட்டு மற்ற ஆறு பேரையும் பொதுவாக விட்டுவிடுவார்கள். லாங் ரிலீவர் என்றும், தோற்ற ஆட்டத்தை முடிப்பவர் என்றும் இருவரைத் தெளிவாகக் குறித்துவிட்டால் கணினியும் பாரத்தைப் பரவலாக வைக்கும்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தால் நான் என்ன செய்வேன்? முதலில் எதிரணியில் அடுத்து வருபவர்கள் யார் என்று பார்ப்பேன். வரிசையின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பேட்டர்கள் என்றால் ஓய்விலிருக்கும் இரண்டாவது நல்ல ரிலீவர் போதும். இரண்டு ரன் முன்னிலைக்கு அவரை நம்பலாம். மூன்று, நான்கு, ஐந்து என்றால், திங்கட்கிழமை ஆட்டம் இல்லை என்ற ஒரே நிபந்தனையில் க்ளோசரை இறக்குவேன். இறக்கும்போதே புல்பென்னில் இன்னொருவர் எழுந்து வீசத் தொடங்கியிருப்பார். 15ஆவது பந்துக்குப் பிறகு பேஸில் இருவர் இருந்தால், அவர் எத்தனை ஆட்டத்தை முடித்துக் கொடுத்தவராக இருந்தாலும், பந்தை வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவேன்.